பனிக்கு மார்க் போட்ட தெரு

மேலச்செவக்காட்டில் கத்திரி வெயில் பிறந்த ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, தார் ரோட்டில் நாய்கூடக் கால் வைக்கத் தயங்குகிற நேரத்தில், சண்முகக்கனி வீட்டு மொட்டைமாடியில் மட்டும் பனி விழுந்தது. பக்கத்து மாடியில் துவைத்த சேலையை உதறிக்கொண்டிருந்த உலகம்மாள்தான் அதை முதலில் பார்த்தாள். முதலில் பார்த்தவள் நான்தான் என்று பின்னாளில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாலும், பார்த்த அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஆச்சரியப்பட நேரமிருக்கவில்லை. அடிவயிற்றில் கிளம்பிய எரிச்சல் ஒன்று நெஞ்சுக்கு ஏறி, தொண்டைக்கு ஏறி, வாய்வழியாக வெளியே வந்தது.

“பாத்தியளா, அவளுக்குன்னே விழுது!”

இலவம்பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல, அவசரமே இல்லாமல், சத்தமே இல்லாமல் அது விழுந்தது. சண்முகக்கனி காலையில் வேட்டி விரித்துப் பிழிந்து போட்டிருந்த கூழ்வத்தல் மேல் விழுந்தது, தண்ணீர்த் தொட்டி மூடி மேல் விழுந்தது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற வேம்பின் அந்தப் பக்கத்துக் கிளைகளில் மட்டும் விழுந்து, காம்பவுண்டுச் சுவருக்கு நேர்மேலே, அளந்து நூல் பிடித்தாற்போல நின்றுகொண்டது. வேம்பின் இந்தப் பக்கத்துக் கிளை வெயிலில் சுருண்டு கிடந்தது. உலகம்மாள் சுவருக்கு மேலே கையை நீட்டினாள்; விரல் நுனிவரை குளிர்ந்தது, மணிக்கட்டில் வெயில் சுட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, சேலையைக்கூடக் காயப்போடாமல் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

இந்த வயிற்றெரிச்சல் ஒரு நாளில் முளைத்ததில்லை. அதற்கு ஐந்து வருஷத்து வேர் இருந்தது, அந்த வேருக்கு வாராவாரம் தண்ணீர் ஊற்றியது ஞானசௌந்தரி டீச்சர். டீச்சர் முப்பத்து நாலு வருஷம் புவியியல் நடத்தியவள். நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் துந்திரப் பிரதேசத்தையும் பனியாறுகளையும் வேர்க்க வேர்க்கச் சொல்லிக்கொடுத்தவள். தான் மட்டும் மதுரைக்கு வடக்கே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவள் கையிலிருந்த சிவப்புப் பேனா சும்மா இருக்க மாட்டேன் என்றது. தெருவில் அநேகமாக வீட்டுக்கு ஒரு பிள்ளை குளிர்தேசத்துக்குப் போயிருந்தார்கள், போன பிள்ளைகள் எல்லாம் பனி விழுந்ததும் படம் பிடித்து அனுப்பினார்கள், அனுப்பிய படத்தைத் தாய்மார்கள் ஒருத்திக்கு ஒருத்தி காட்டி, என் மகன் ஊர்ப் பனி உன் மகன் ஊர்ப் பனியைவிட ஒசத்தி என்று தண்ணீர்க் குழாயடியில் மல்லுக்கு நின்றார்கள். இதைக் கண்ட டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க, நான் மார்க் போட்டுருதேன், பிறகு பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. டீச்சர் வீட்டு டிவியில் படம் ஓடும். வெண்மைக்கு இருபத்தஞ்சு, கனத்துக்கு இருபத்தஞ்சு, மரத்தில் நிற்கிற அழகுக்கு இருபத்தஞ்சு, வெளியே விளையாடும் பேரப்பிள்ளைகளின் கன்னச் சிவப்புக்கு இருபத்தஞ்சு. பழைய வருகைப் பதிவேட்டில் ஊர் பேர் எழுதி, எதிரே மார்க் எழுதி, கீழே கையெழுத்தும் போடுவாள். லண்டன் பனிக்கு நாற்பதுதான் வந்தது. “மத்தியானத்துக்குள்ள சகதியாப் போயிருது. இட்லி மாவுல தண்ணி கூடுனாப்ல இருக்கு,” என்றாள் டீச்சர், லண்டன்காரனின் தாய் அங்கேயே கண்ணைக் கசக்கினாள். சிகாகோவுக்கு எழுபத்தெட்டு, காத்து பனியைப் படுக்க விட மாட்டேங்கு என்ற குறையோடு. வின்னிபெக்குக்கு எண்பத்து நாலு. சண்முகக்கனியின் மகள் செண்பகா இருக்கும் நார்வேக்குத் தொண்ணூற்று மூன்று. மார்க் வாசிக்கும்போது சண்முகக்கனி சிரிக்க மாட்டாள், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அந்தத் துடைப்பைப் பார்த்தாலே உலகம்மாளுக்கு உச்சந்தலை கொதிக்கும். திமிரப் பாரேன், கண்ணாடியத் தொடைக்காளாம் கண்ணாடிய.

உலகம்மாளின் ஒரே மகன் இசக்கிராஜ் இருந்தது தோஹாவில். புருஷன் தவறிப்போய்ப் பதினோரு வருஷமாகிறது. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த மகன்தான். அங்கே அவன் ஏசி மெக்கானிக். பாலைவனம் பனிக்கு எங்கே போகும்? பதிவேட்டில் தோஹாவுக்கு எதிரே வாராவாரம் ஒரு கோடுதான் விழுந்தது, வகுப்புக்கு வராத பிள்ளைக்குப் போடுகிற அதே கோடு. ஒரு தடவை, தாய் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், இசக்கிராஜ் தான் ரிப்பேர் பார்க்கப் போன ஒரு குளிர்ச் சேமிப்புக் கிட்டங்கியின் சுவரில் படிந்திருந்த ஐஸைப் பல கோணத்தில் படம் பிடித்து அனுப்பினான். உலகம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு உற்றுப் பார்த்து, “பின்னால ஆட்டுத்தொடை தொங்குதே உலகம்,” என்றாள். கருணையில் பதினோரு மார்க் போட்டாள். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் எதிர்வீட்டு முத்துப்பேச்சி. முத்துப்பேச்சியின் மகன் மந்திரமூர்த்தி எங்கும் போகவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஊரிலேயே லோடு ஆட்டோ ஓட்டினான். பதிவேட்டில் அவளுக்குக் கோடுகூடக் கிடையாது. ஆனாலும் பேச்சுத்துணைக்கு வருவாள், வாசல் ஓரமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பனியைப் பார்த்து, “எம்மாடி, எப்படி வெள்ளையா இருக்கு!” என்று மனசாரச் சொல்வாள். பொறாமைப்படத் தெரியாத ஜென்மம் என்று உலகம்மாள் அவளைப் பற்றி நினைத்தாள். அதில் கொஞ்சம் ஏளனமும் இருந்தது.

இப்படியிருக்க, படத்தில் பார்த்த பனி படம் தாண்டி, கடல் தாண்டி, சண்முகக்கனி மாடிக்கே வந்து இறங்கினால் எப்படி இருக்கும்?

ஊர் அதை ரொம்ப நாள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முதல் நாள் கூட்டம் கூடியது, இரண்டாம் நாள் கூட்டத்துக்கு முறுக்கு விற்க ஆள் வந்தது, மூன்றாம் நாள் வேலை ஆரம்பித்துவிட்டது. பஞ்சாயத்து கிளார்க் வந்து பார்த்து, பனிக்கென்று தனிக்கட்டம் இல்லாததால் மழை என்ற கட்டத்தில் எழுதி, ‘ஒரு வீட்டுக்கு மட்டும்’ என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு போனார். மீன் வண்டிக்காரர் காலையில் ஏணி போட்டு ஏறி, இரண்டு கூடை அள்ளி மீனுக்குப் பரப்பிக்கொண்டு, கைமாறாகச் சண்முகக்கனிக்கு ஒரு கூறு சாளை கொடுத்துவிட்டுப் போனார். அம்மை போட்ட வீடுகளிலிருந்து வேப்பிலையும் சொம்புமாக வந்தார்கள். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை பனியால் அபிஷேகம் ஆயிற்று. பூசாரி கை விறைத்து மணியைக் கீழே போட்டார், அதுவும் நல்ல சகுனம்தான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். காக்கைகள் இரண்டு நாள் அந்த மாடியைச் சுற்றிப் போயின, மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டன. சண்முகக்கனி வடக்கே யாத்திரை போனபோது வாங்கிய கம்பளிக்குல்லாவைப் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றால் படிக்கட்டைக் கூட்டித் தள்ளினாள். தள்ளியது வாசலுக்கு வந்ததும் தண்ணீராகி, தெரு வாய்க்காலில் ஓடியது. கோடையில் தெருவாய்க்காலில் தண்ணீர் ஓடுவதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

உலகம்மாள் சும்மா இருக்கவில்லை. சுவர் இடிந்து விழப்போகிறது என்று சாக்குச் சொல்லி, கொத்தனாரைக் கூப்பிட்டுக் காம்பவுண்டுச் சுவரை இடித்தாள். சுவர் போயிற்று, பனி மட்டும் சுவர் இருந்த கோட்டிலேயே நின்றது. கூழ்வத்தலுக்குத்தான் பனி வருகிறதோ என்று தானும் எட்டுப் படி அரிசிக்குக் கூழ் கிண்டி மாடி நிறையப் பிழிந்து போட்டாள். ஒரே வெயிலில் அது மொறுமொறுவென்று காய்ந்து, அந்த வருஷத்திலேயே நல்ல வத்தல் என்று தெருவில் பேர் வாங்கியது. அம்மன் கோயிலுக்குப் போய், என் மாடியிலும் விழ வை தாயே, அக்கினிச்சட்டி எடுக்கேன் என்று நேர்ந்துகொண்டாள்.

பூசாரி திருநீற்றுத் தட்டோடு நின்றுவிட்டார். “யம்மா, ஐஸ் கேட்டு அக்கினிச்சட்டி எடுக்கேங்கியே, ஆத்தா கொழம்பிர மாட்டாளா?”

“அவளுக்குப் புரியும், நீரு திருநாறக் குடும்,” என்றாள் உலகம்மாள். அக்கினிச்சட்டியும் எடுத்தாள். கை பொசுங்கியதுதான் மிச்சம்.

ஆவணியில் வின்னிபெக்காரன் வீட்டு மாடியில் விழுந்தது. ஐப்பசியில், ஊரே மழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, சிகாகோக்காரன் வீட்டில் மட்டும் மழை வெள்ளையாகி இறங்கியது. தை பிறந்ததும் லண்டன் வீட்டுக்கும் வந்தது, சகதியும் சொதசொதப்புமாக. அந்தத் தாய் அதற்கே பெருமைப்பட்டாள். டீச்சர் இப்போது டிவியை நிறுத்திவிட்டு, குடையும் ஸ்கேலுமாக மாடி மாடியாக ஏறி நேரிலேயே மார்க் போட்டாள். தெருவில் வெயில் முழுசாக விழும் மாடிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் மிஞ்சியது முத்துப்பேச்சியின் மாடி ஒன்று, உலகம்மாளின் மாடி ஒன்று. முத்துப்பேச்சியோடு ஒரே வரிசையில் வந்து நிற்க வேண்டியதாகிவிட்டதே என்று உலகம்மாள் மனசு புழுங்கினாள்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், உலகம்மாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, சண்முகக்கனி ஒரு சட்டி நிறையப் பனியோடு வந்தாள். துணியில் கட்டி நெற்றியில் வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“மதினி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பனி விழுந்துதே, அன்னிக்குக் காலைல பத்தரை மணிக்கு எம் மக போன் பண்ணுனா. அந்த ஊரு பாஸ்போட்டு வாங்கிட்டேம்மா, எங் கட்டில யாருக்காவது குடுத்துருங்க, இனிமே அது எதுக்குன்னா. பதினொண்ணரைக்கெல்லாம் இது விழ ஆரம்பிச்சிட்டு.”

உலகம்மாள் அரைக்கண்ணைத் திறந்து, அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைப் பார்த்தாள்.

“வின்னிபெக்கு அக்காகிட்டயும் கேட்டேன். அவன் அங்கன வீடு வாங்கிட்டேன், இனி அங்கனதான்னு சொன்ன அன்னிக்கிதான் அவ்வொ வீட்லயும் விழுந்துருக்கு. எல்லாருக்கும் அப்படித்தான் மதினி. இது வருதுன்னா புள்ள வராதுன்னு அர்த்தம். ஒங்க மாடில வெயில் அடிக்கி பாத்தியளா, அது சும்மா அடிக்கல. ஒங்க புள்ள ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வந்து படுத்து எந்திரிக்கான், அதுக்கு அடிக்கி.”

சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். உலகம்மாள் நெற்றியில் இருந்த பனித்துணியை எடுத்துச் சுவரில் எறிந்தாள். நல்ல கதை கட்டுதா, தனக்கு வந்தது அடுத்தவளுக்கு வந்துரக் கூடாதுன்னு எப்படிச் சோடிச்சுச் சொல்லுதா பாரு! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். உலகம்மாள் கண்ணுக்கு அன்று சண்முகக்கனியின் கண்ணீர்கூடப் பெருமையாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் அவள் காதில் நன்றாக ஏறியிருந்தது. பனி வருவதற்கு ஒரு வழி இருக்கிறது.

இசக்கிராஜ் பங்குனியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவு. வந்தால் ஏசி ரூமில் படுக்க மாட்டான், மொட்டைமாடியில் பாய் விரித்துக் கிடப்பான். டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டுப் போன் பண்ணினான்.

“வந்து என்ன செய்யப் போற?” என்றாள் உலகம்மாள். “கனடாவுக்கு எழுதிப் போடுன்னு சொன்னேம்லா, போட்டியா? அந்த லீவுல போயி அதுக்கு அலை.”

“எம்மா, எனக்குக் குளிரு ஆகாது. இங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் குளிருக்குள்ளதான் கெடக்கேன். நம்ம மாடில படுத்து நல்லா வேர்க்கணும் போல இருக்கு, அதுக்குத்தான் வாரேன்.”

“வேர்க்கணுமாம்ல வேர்க்கணும்! தெருவுல எல்லார் மாடியும் நெறஞ்சு கெடக்கு, நம்ம மாடி மட்டும் மொட்டையா அம்மணமா கெடக்கு. அந்தப் பேச்சி மாடியும் எம் மாடியும் ஒண்ணா? ஒங்கப்பா இருந்தா எனக்கு இந்த நெலம வருமா?”

போனில் அவன் ஏதோ மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. “சரிம்மா,” என்றான் இசக்கிராஜ். சின்ன வயசிலிருந்தே அவன் தாய் சொல்லைத் தட்டாதவன். அவனை அப்படி வளர்த்திருந்தாள்.

அந்த வருஷக் கொடைக்கு அவன் வரவில்லை. ஒன்றரை வருஷம் அலைந்து கனடாவில் வடக்கே, வடக்குக்கும் வடக்கே, பேரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிற ஓர் ஊரில் வேலை கிடைத்தது. ஏசி பார்த்தவன் அங்கே வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பார்த்தான். அவன் முதல் தடவை அனுப்பிய படத்தை டீச்சர் பழைய வழக்கப்படி டிவியில் போட்டாள். ஆள் உயரத்துக்குப் பனி, அதற்குள் வெட்டிய பாதை, பாதையில் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு கண் மட்டும் தெரிய ஓர் உருவம். அது தன் மகன்தான் என்று உலகம்மாளுக்கு அவன் கையை ஆட்டிய பிறகுதான் தெரிந்தது. கன்னச் சிவப்புக்குப் பிள்ளைகள் இல்லாததால் டீச்சர் அந்த மார்க்கைக் கனத்தில் சேர்த்து, தொண்ணூற்றாறு போட்டாள். நார்வே இரண்டாமிடத்துக்குப் போயிற்று. அன்று ராத்திரி உலகம்மாள் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஆனாலும் மாடி வெறுமையாகத்தான் கிடந்தது. காலையில் எழுந்ததும் மாடியேறிப் பார்ப்பாள், மத்தியானம் பார்ப்பாள், விளக்கு வைக்கும் நேரம் பார்ப்பாள். வெயில் தகதகவென்று அடித்துக்கொண்டிருக்கும். தொண்ணூற்றாறு வாங்கிய பனிக்கு வழி தெரியவில்லையா, வீடு தெரியவில்லையா என்று வானத்தோடு சண்டை போட்டாள். சித்திரை கழிந்து வைகாசி பிறந்து ஒரு வியாழக்கிழமை, அவன் கூப்பிட்டான்.

“எம்மா, ஒரு சமாச்சாரம். இங்கயே நிரந்தரமா இருக்கதுக்குக் கேட்டாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“நல்லதுய்யா.”

“ரெண்டு ஊருக்கும் நடுவுல நின்னு நின்னு ஓஞ்சிட்டேம்மா. வரணும் வரணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தா வேல ஓட மாட்டேங்கு. இனிமே நெனைக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க ஆசப்பட்ட எடத்துலயே இருந்துக்கிடுதேன்.”

அவன் குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. மார்க்கெட்டில் விலை சொல்வதுபோலச் சொன்னான். உலகம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், அதற்குள் கழுத்தில் சில்லென்று ஒன்று விழுந்தது. அவள் மாடியில்தான் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையாக, அவசரமே இல்லாமல், அவளுக்கென்றே அது இறங்கி வந்துகொண்டிருந்தது. “வந்துட்டுய்யா, வந்துட்டு!” என்று அவள் போனில் கத்தினாள், என்ன வந்தது என்று மகன் கேட்டது அவள் காதில் விழவில்லை. படியில் இரண்டு தடவை வழுக்கி எழுந்து, தெருவில் ஓடி, வீடு வீடாகத் தட்டி, எங்க வீட்லயும் விழுது, எங்க வீட்லயும் விழுது என்று சொல்லிக்கொண்டே போனாள். சண்முகக்கனி வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று சொன்னாள். சண்முகக்கனி கதவைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

“மதினி,” என்றாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் வந்தாள், ஸ்கேலை ஊன்றினாள், முழங்கையளவு இறங்கியது. தெருவிலேயே அதுதான் கனமான பனி, அதுதான் வெள்ளையான பனி, அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. எல்லாரும் மெச்சினார்கள். மெச்சி, காப்பி குடித்து, சீக்கிரமே போய்விட்டார்கள், அவரவர் மாடியில் கூட்டித் தள்ள வேண்டிய வேலை இருந்தது. உலகம்மாளும் விளக்குமாற்றை எடுத்தாள். தள்ளத் தள்ள விழுந்தது. விழ விழத் தள்ளினாள். ஒரு வாரத்தில் அவளுக்குத் தோள் விட்டுப்போயிற்று, ஒரு மாதத்தில் மாடியில் எது காயப்போட்டாலும் விறைத்துப் பலகையாகிவிடும் என்று பழகிப்போயிற்று, மறு பங்குனியில் கொடை வந்தது, கொட்டுச் சத்தம் கேட்டது, தெருவில் ஒரு வீட்டுக்கும் வெளியூரிலிருந்து ஆள் வரவில்லை. அன்றைக்குத்தான், சாமி வீதி வரும்போது தேங்காயோடு தனியாக நின்றவளுக்கு, தான் காய்ச்சலில் கிடந்தபோது சண்முகக்கனி வந்து சொன்னது முழுசாகப் புரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்ததும் பெருமைக்கு இல்லை. இத்தனை வருஷம் அழுதவளைப் பார்த்து இத்தனை வருஷம் பொறாமைப்பட்டேனே பாவி என்று உலகம்மாள் தேங்காயைச் சாமி முன்னால் ஓங்கி உடைத்தாள்.

மார்கழி பிறந்த புதிதில் ஒரு நாள், பகல் ஒரு மணிக்கு இசக்கிராஜ் கூப்பிட்டான். முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தான். முடி கொட்டியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“எம்மா, இங்க சூரியன் வந்து இருபது நாளாச்சு. இன்னும் ஒரு மாசத்துக்கு வராதாம். நம்ம மாடி வெயிலக் கொஞ்சம் காட்டுங்களேன்.”

“வெயிலா?”

“ஆமாம்மா. சும்மா ஒரு தடவை பாத்துக்கிடுதேன்.”

“இருய்யா, மாடிக்குப் போறேன், லைன்லயே இரு,” என்று சொல்லிவிட்டு, போனை மார்போடு சேர்த்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, தலைக்குமேலே விழுந்துகொண்டிருந்த பனிக்கு அடியில் முற்றத்தைக் கடந்து, தெருவுக்கு இறங்கினாள். இந்தப் பக்கம் நார்வே, அந்தப் பக்கம் வின்னிபெக், சற்றுத் தள்ளி லண்டன் சொதசொதவென்று ஒழுகிக்கொண்டிருந்தது. எதிரே ஒரே ஒரு மாடிதான் மஞ்சளாக, காய்ந்து, கண் கூசும்படி நின்றது. உலகம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் முத்துப்பேச்சி வீட்டுப் படியேறினாள்.

முத்துப்பேச்சி மேலே மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க வந்து நிற்கிறவளைப் பார்த்து, “என்ன மதினி?” என்றாள். உலகம்மாள் போனைக் காட்டி, வாயில் விரலை வைத்தாள். முத்துப்பேச்சிக்கு விஷயம் புரிந்ததோ என்னவோ, கிளறுகிற கம்பைக் கீழே வைத்துவிட்டுப் படத்தில் விழாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

உலகம்மாள் போனைத் திருப்பினாள். தளத்தில் அடிக்கிற வெயிலைக் காட்டினாள், கைப்பிடிச் சுவரில் அடிக்கிற வெயிலைக் காட்டினாள், பாய் நிறையச் சிவந்து கிடந்த மிளகாயைக் காட்டினாள்.

“மிளகா காயப் போட்டுருக்கியளா? சுவருக்கு வெள்ளையடிச்சிருக்கியளோ?”

“ஆமாய்யா, அடிச்சேன்.”

“எப்படி அடிக்கும்மா! பாக்கையிலேயே வேர்க்கி,” என்று அவன் சிரித்தான். பல வருஷம் கழித்து அந்தச் சிரிப்பை அவள் கேட்டாள். “அப்படியே வச்சிருங்கம்மா. கொஞ்ச நேரம் அசைக்காதீங்க.”

அவள் அசைக்கவில்லை. உள்ளங்கால் தளத்தில் பொசுங்கியது, காலை மாற்றி வைக்கவில்லை. அப்போது கீழேயிருந்து, லோடு ஆட்டோவை நிறுத்துகிற சத்தமும், கதவை உதைத்துத் திறக்கிற சத்தமும், அதற்கு மேலாக ஒரு தடித்த குரலும் கேட்டன.

“எம்மா! எங்க போன? பசிக்கி, சோத்தப் போடு!”

நார்வேக்கும் வின்னிபெக்குக்கும் உலகம்மாள் இத்தனை வருஷமாகப் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. இது கண்ணை இருட்டியது. எதிரே நிற்கிறவளின் கழுத்தைப் பிடித்து, அந்தக் குரலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

“யாரும்மா அது, நம்ம வீட்ல?” என்றான் இசக்கிராஜ்.

“டிவிய்யா,” என்றாள் உலகம்மாள். “டிவி ஓடுது.”

முத்துப்பேச்சி அவளைத் தாண்டிக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கி, சோறு போடப் போனாள்.